புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் உடற்பயிற்சி: சொல்லித் தருபவர் பயின்றவராக இருக்கட்டும்

(நோணாங்குப்பத்தில் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



குடும்ப நலக் கூட்டம் என்றால் காப்பர்-டி, கருத்தடை ஆபரேஷன், தடுப்பூசி, சத்துணவு இவற்றைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அவற்றுக்கு வேறு நாள் இருக்கிறது. இன்று பேசப்போவது புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பற்றி. அவருடைய உடம்பை மறுபடி நடமாட வைப்பது எப்படி, அதைச் சொல்லித் தருபவர் யாராக இருக்க வேண்டும் என்பது பற்றி. புற்று என்ற பேச்சை எடுத்ததுமே பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்திருக்கப் பார்க்கிறார்கள். கொஞ்சம் உட்காருங்கள் ஐயா. பேச்சைக் கேட்டதால் அந்த நோய் யாருக்கும் வந்ததில்லை.

ஒரு வீட்டு சமாசாரம் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். முப்பத்தெட்டு வயதுத் தாய். மார்பில் கட்டி. ஆபரேஷன் ஆயிற்று, மருந்து ஏற்றினார்கள், கரண்ட் வைத்தார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது. வீட்டுக்காரர் நல்ல மனுஷன். "நீ ஒண்ணும் செய்ய வேணாம், உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வரும்" என்று சொல்லி அப்படியே நடத்தினார். துடைப்பத்தைத் தொடவிடவில்லை, கோலம் போட விடவில்லை. ஐந்து மாதம் கழித்து நான் அந்த வீட்டுக்குப் போனபோது அந்த அம்மாவுக்கு இடது கை தோள் உயரத்துக்கு மேல் ஏறவில்லை. தலை வார மகள் வேண்டும். ரவிக்கை போட மாமியார் வேண்டும். பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. நோய் போய்விட்டது, கூடவே கையும் போய்விட்டது. அன்பினால் வந்த முடக்கம் அது.

இன்னொரு வீடு. அப்பாவுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்று. மகன் ஒரு ஜிம்மில் பயிற்சி கொடுக்கிற பிள்ளை, கட்டுமஸ்தான உடம்பு. "அப்பா, நீங்க படுத்தே கிடந்தா இன்னும் தளர்ந்துடுவீங்க" என்று தானே அழைத்துப் போய் எடை தூக்க வைத்தான். எண்ணம் சரிதான். ஆனால் அந்த நோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அது எழுதியிருந்தது. பையன் அதைப் படிக்கவில்லை, படித்திருந்தாலும் அதன் பொருள் அவனுக்குத் தெரிந்திருக்காது. மூன்றாம் நாள் குனிந்து நிமிர்ந்தபோது எலும்பு நொறுங்கி, கால் இரண்டும் மரத்துப் போயின. அந்தப் பையனை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவன் கற்றது ஆரோக்கியமான வாலிபர்களுக்கான பயிற்சி.

இரண்டு வீட்டிலும் பாசத்துக்குக் குறைவில்லை. சொல்லித் தர ஆள் இல்லாமல் ஒரு வீடும், அரைகுறையாகத் தெரிந்த ஆள் இருந்து ஒரு வீடும் கஷ்டப்பட்டன.

நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. புற்று என்றால் மரணம் என்று இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையிலிருந்துதான் 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. அது பன்னிரண்டு படுக்கையோடு ஆரம்பித்தது. அன்றைக்கு உயிரைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. இன்று ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பலர் பிழைத்து பத்து வருஷம், இருபது வருஷம் வாழ்கிறார்கள். அந்த இருபது வருஷத்தையும் கட்டிலிலா கழிப்பது?

கை ஏன் இறுகுகிறது, ஏன் வீங்குகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். இது உங்களுக்குச் சுலபமாகப் புரியும், ஏனென்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு யானைக்கால் தெரியும். கொசுவை ஆராய்வதற்கென்றே 1975-ல் இங்கே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள் என்றால் நம் ஊர்ப்பக்கம் அந்த நோய் எப்படி இருந்தது பாருங்கள். நம் உடம்பில் இரத்தக் குழாய் போலவே நிணநீர்க் குழாய் என்று ஒன்று உண்டு. வயலுக்கு வடிகால் மாதிரி. யானைக்காலில் புழு அந்த வடிகாலைக் கெடுத்துவிடுகிறது, நீர் தேங்கிக் கால் வீங்குகிறது. மார்புப் புற்று ஆபரேஷனில் அக்குளில் இருக்கும் நிணநீர்க் கட்டிகளை எடுக்கிறார்கள், சில சமயம் அங்கே கரண்டும் வைக்கிறார்கள். வடிகால் குறைந்துபோகிறது. அதனால் சிலருக்குக் கை வீங்குகிறது. காரணம் வேறு, வீங்குகிற விதம் ஒன்று. தையல் போட்ட இடத்தில் சதை சுருங்கி இறுகுவதால் தோளும் கட்டிக்கொள்கிறது.

இந்த வீக்கத்துக்குப் பயந்து டாக்டர்களே நெடுங்காலம் "அந்தக் கையால் பாரம் தூக்காதே, திரும்பத் திரும்ப வேகமாக அசைக்காதே" என்று சொல்லி வந்தார்கள். குடம் தூக்காதே, குழந்தையைத் தூக்காதே, மாவாட்டாதே. பச்சைக் குழந்தை வைத்திருக்கும் தாயிடம் இதைச் சொன்னால் அவள் மனசு என்ன பாடுபடும்?

இதை உடைத்தது ஒரு படகு. உங்கள் ஊரில் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறை இருப்பதால் இதை நான் விரிவாகவே சொல்லப் போகிறேன். கனடா நாட்டில் வான்கூவர் என்று ஒரு நகரம். அங்கே சர்வகலாசாலையில் டான் மெக்கன்சி என்று ஒரு விளையாட்டு மருத்துவர். சீனாவிலிருந்து வந்த டிராகன் படகு என்ற நீளப் படகை அங்கே ஓட்டுவார்கள். இருபது பேர் இரண்டு வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும், முன்னால் ஒருவர் முரசு அடிப்பார். துடுப்புப் போடுவது என்றால் தோளும் கையும் விடாமல் வேலை செய்ய வேண்டும். எதைச் செய்யக் கூடாது என்று சொன்னார்களோ அதேதான். 1996-ல் மெக்கன்சி மார்புப் புற்றுநோய் கண்ட 24 பெண்களைச் சேர்த்தார். எடுத்த எடுப்பில் படகில் ஏற்றிவிடவில்லை, கவனியுங்கள். முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் சிறுகச் சிறுகக் கையைப் பழக்கினார். பிறகே தண்ணீரில் இறக்கினார். சீசன் முழுக்கப் பார்த்தார். ஒருவருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் புற்றுநோய் கண்ட பெண்கள் அப்படிப் படகு செலுத்துகிறார்கள்.

உடனே யாரும் நாளைக் காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சுண்ணாம்பாற்றுக்குப் போய்விடாதீர்கள். நான் சொல்வது அந்தப் படகை அல்ல. படகுக்கு முன்னால் கூடத்தில் நடந்த பயிற்சியை.

அப்புறம் 2009-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற அம்மையார் ஒரு படி மேலே போனார். ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை எடுத்துக்கொண்டார். பாதிப் பேருக்கு வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. மிகக் குறைந்த எடையில் ஆரம்பித்து, கையில் ஒன்றும் நேரவில்லை என்றால் மட்டும் அடுத்த படி. பயிற்சி நேரத்தில் கைக்கு இறுக்கமான உறை போட்டிருக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்யாதவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு வீக்கம் மோசமானது. எடை தூக்கியவர்களில் 14 பேருக்குத்தான். பாரம் தூக்காதே என்று சொன்ன கைக்குப் பாரமே காவலாகிவிட்டது. ஆனால் எப்படிப்பட்ட பாரம்? அளந்து, பார்த்து, ஏற்றின பாரம்.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் ஆராய்ச்சிக்கு வருகிறேன். 2025-ல் முடிவு வெளியானது. பெருங்குடலில் புற்று வந்து, ஆபரேஷன் செய்து, மருந்தும் ஏற்றி முடித்த 889 பேர். கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். எல்லோருக்கும் உடற்பயிற்சி செய்யுங்கள், நல்ல உணவு சாப்பிடுங்கள் என்று எழுதிய கையேடு கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கையேட்டோடு சரி. மறு பாதிக்குக் கூடவே ஒரு பயிற்சியாளரையும் கொடுத்தார்கள். முதல் வருஷம் பதினைந்து நாளுக்கு ஒரு தரம், பிறகு மாதம் ஒரு தரம், இப்படி மூன்று வருஷம். வாரத்தில் மூன்று நான்கு நாள் முக்கால் மணி, ஒரு மணி நேரம் வேகமாக நடக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கையேட்டுப் பிரிவில் நூற்றுக்குச் சுமார் 74 பேர். பயிற்சியாளர் இருந்த பிரிவில் 80 பேர். எட்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 83 பேர், 90 பேர்.

நூற்றுக்கு ஏழு உயிர். துண்டுப் பிரசுரம் எழுதிப் பிழைக்கிற ஆள் நான். காகிதம் மட்டும் கொடுத்தால் போதாது, ஆள் வேண்டும் என்று அந்த ஆராய்ச்சி சொல்லும்போது எனக்கே சுருக்கென்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. பயிற்சி செய்தவர்களில் தசைப்பிடிப்பு, மூட்டுவலி போன்ற தொந்தரவு நூற்றுக்கு 18 பேருக்கு மேல் வந்தது, மற்றவர்களில் 11 பேருக்கு மேல். பயிற்சி என்றால் பூ மாதிரி எந்தக் கெடுதலும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. இது பெருங்குடல் புற்றில் கண்ட முடிவு. எல்லாப் புற்றுக்கும் இதே கணக்கு என்றும் சொல்லக் கூடாது. ஆனால் களைப்பு குறையும், மனக்கவலை குறையும், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் தெம்பு வரும் என்பது பல வகைப் புற்றிலும் கண்ட விஷயம். புற்றுநோய்க் களைப்பு விசித்திரமானது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் போகாது. படுக்கப் படுக்கக் கூடும். கொஞ்சம் நடந்தால்தான் குறையும்.

சரி, அந்தப் பயிற்சியாளர் என்ன கற்றிருக்க வேண்டும்? அமெரிக்காவில் விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற பெரிய சங்கமும் புற்றுநோய்ச் சங்கமும் சேர்ந்து இதற்கென்றே பாடத்திட்டம் வகுத்து, தேர்வு வைத்து, சான்றிதழ் கொடுத்தார்கள். இங்கிலாந்திலும் தனிப் பாடம் உண்டு. ஏற்கெனவே உடற்பயிற்சி சொல்லித் தந்த அனுபவம் வேண்டும், மயங்கி விழுந்தவருக்கு மார்பை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவியும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல்தான் புற்றுநோய்ப் பாடமே ஆரம்பிக்கிறது.

அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்பதை உங்கள் பாஷையில் சொல்கிறேன். சிவப்பு மருந்து என்று நோயாளிகள் சொல்வார்களே, அது சிலருக்கு இருதயத்தைப் பலவீனமாக்கும். அப்படிப்பட்டவருக்கு எவ்வளவு மூச்சு வாங்கும்வரை போகலாம் என்று தெரிய வேண்டும். வேறு சில மருந்தால் பாதம் மரத்துப் போகும். செருப்பு கழன்றதே தெரியாது. அவரை மேடு பள்ளமான வரப்பில் நடக்கவிட்டால் விழுவார். மருந்து ஏற்றின சில நாளில் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும், கூட்டமும் வேர்வையும் நிறைந்த ஜிம் அப்போது ஆகாது. ஹார்மோன் மாத்திரையில் சிலது எலும்பை மெலிய வைக்கும். குடல் ஆபரேஷன் ஆகி வயிற்றில் பை மாட்டியிருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கினால் குடல் பிதுங்கும். கரண்ட் வைத்த இடத்துத் தோல் வெந்த தோல், அதில் உராயக் கூடாது.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. புகையிலை, பான்பராக் பழக்கத்தால் நம் நாட்டில் வாய்ப் புற்று அதிகம். அதற்குக் கழுத்தில் கத்தி வைத்தால் தோளைத் தூக்கும் நரம்பு சில சமயம் தளர்ந்துவிடும், தோள் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும். தாடையும் இறுகி, வாயில் இரண்டு விரல் நுழையாது. தோளுக்கும் தாடைக்கும் தனித்தனிப் பயிற்சி இருக்கிறது. ஆரம்பத்திலேயே பழகினால்தான் பலன். வெட்கப்பட்டு வீட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் கஞ்சி குடிப்பதே கஷ்டமாகிவிடும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பாடம், எப்போது நிறுத்த வேண்டும் என்பது. புதிதாக எலும்பில் வலி, முக்கியமாக முதுகில். கால் தளர்வது, சிறுநீர் அடைப்பது. நெஞ்சுவலி. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்குவது. கை திடீரென்று சிவந்து, சுடச்சுட வீங்குவது. மருந்து ஏற்றும் காலத்தில் 100.4 டிகிரி காய்ச்சல். இதில் எது வந்தாலும் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, நேரே ஆஸ்பத்திரி. யாராவது உங்களிடம் வந்து "நான் புற்றுநோய்க்காரர்களுக்குப் பயிற்சி தர்றேன்" என்றால், "எந்தெந்த நேரத்தில் நிறுத்துவீங்க?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் சுவரில் எத்தனை சான்றிதழ் மாட்டியிருந்தாலும் பயன் இல்லை. டாக்டர் சீட்டைக் கேட்காமலே ஆரம்பிக்கிறவரிடமும் போக வேண்டாம். மாவு டப்பா விற்கிறவரிடம் போகவே வேண்டாம்.

நம் நாட்டில் இந்த வேலைக்கு நேர் வழி இயன்முறை மருத்துவப் படிப்பு, அதாவது பிசியோதெரபி. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த பிள்ளைகள் சேரலாம். நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட படிப்பு, அதில் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் அடக்கம். புதுச்சேரியிலேயே அரசின் அன்னை தெரசா சுகாதார அறிவியல் நிறுவனத்தில் இந்தப் பட்டம் இருக்கிறது. சென்டாக் வழியாக விண்ணப்பம் போட வேண்டும். 2021-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றி, இயன்முறை மருத்துவர் உட்படப் பல சுகாதாரத் தொழில்களுக்கு ஆணையமும் பதிவேடும் ஏற்படுத்தியது. அதனால் எதிர்காலத்தில் பதிவு பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று பார்க்க முடியும். பட்டம் பெற்ற பின் புற்றுநோய் வார்டில் அனுபவம் சேர்த்துக்கொண்டால் ஊருக்கே உபயோகமான ஆள்.

ஏற்கெனவே ஜிம்மில் வேலை செய்யும் பிள்ளைகள் உங்களில் யார் வீட்டிலாவது இருப்பார்கள். கடலூர் ரோட்டில் எத்தனை ஜிம் முளைத்திருக்கிறது! அவர்களுக்கும் வழி அடைத்துவிடவில்லை. முறையான பயிற்சியாளர் படிப்பு, முதலுதவிச் சான்று, அதன்பின் புற்றுநோய்க்கான தனிப்பாடம் என்று படிப்படியாகப் போகலாம். வெளிநாட்டுப் பாடங்களில் சிலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம், ஆனால் இங்கிலீஷ் வேண்டும், பணமும் கணிசமாக ஆகும். பணம் கட்டுமுன் ஒரு ஆஸ்பத்திரி இயன்முறை மருத்துவரிடம் பாடத்திட்டத்தைக் காட்டி, தகுமா என்று கேளுங்கள். சனி ஞாயிறு இரண்டே நாள் வகுப்பில் "நிபுணர்" பட்டம் தருகிறவர்களும் உண்டு. அந்தக் காகிதத்தை நம்பி உயிரோடு விளையாடக் கூடாது. எந்தச் சான்றிதழ் வாங்கினாலும் பயிற்சியாளர் டாக்டர் ஆகிவிடமாட்டார். மருந்தை நிறுத்தச் சொல்லவோ, மாற்றச் சொல்லவோ அவருக்கு அதிகாரம் இல்லை.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். மார்பில் ஆபரேஷன் ஆன தாய், ஒரு வாலிபன் முன்னால் கையைத் தூக்கிக் காட்டத் தயங்குவாள். அது இயல்பு. அந்தத் தயக்கத்தாலேயே எத்தனையோ பேர் ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்ததை விட்டுவிடுகிறார்கள். இந்தத் தொழிலுக்குப் பெண்கள் வேண்டும். கிராமத்துப் பாஷை பேசுகிற, அக்கா, சித்தி என்று உரிமையோடு கூப்பிடுகிற பெண்கள் வேண்டும். "பொம்பளைப் பிள்ளைக்கு இது என்னங்க வேலை?" என்று கேட்காதீர்கள். நர்ஸ் வேலைக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டார்கள்.

அதுவரைக்கும் நாம் என்ன செய்வது? கோரிமேட்டு ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது, நம் பக்கத்தார் பலர் அங்கேதான் போகிறார்கள். அங்கோ, நீங்கள் சிகிச்சை பெறும் வேறு ஆஸ்பத்திரியிலோ, வீட்டுக்கு அனுப்பும் நாளில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கையை, எந்த இடத்தை ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும்? எலும்பில் பரவல் உண்டா? பிசியோதெரபி பிரிவில் யாரைப் பார்ப்பது? பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஒருவர் கேட்டது மற்றவருக்கு மறந்துபோனாலும் பரவாயில்லை.

டாக்டர் அனுமதித்த பின் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை நண்டு நடப்பது போல மெல்ல மேலே ஏற்றுவது. எட்டின இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அடுத்த வாரம் கோடு ஏறுகிறதா என்று பார்ப்பது. ஒரு துண்டை இரு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் கொண்டுபோவது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. நடை. முதல் வாரம் பத்து நிமிஷம் போதும், காலையிலும் மாலையிலும். சித்திரை, வைகாசி வெயிலில் விடியற்காலைதான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். பேசவும் முடியவில்லை என்றால் குறையுங்கள். பாட்டே வருகிறது என்றால் கொஞ்சம் கூட்டுங்கள். மீன் அரியும்போது முள் குத்தாமல், கொசு கடிக்காமல் அந்தக் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் காயம் என்றாலும் சோப்புப் போட்டுக் கழுவி, சிவந்தால் உடனே காட்டுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். கூட நடங்கள். அவ்வளவுதான். "நீ போய் நடந்துட்டு வா" என்று சொல்வது வேறு, செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போவது வேறு. மார்பை எடுத்த பிறகு கண்ணாடி பார்க்கவே பயப்படும் மனைவிக்கு, தெருவில் புருஷன் பக்கத்தில் நடப்பது எவ்வளவு பெரிய தைரியம் தெரியுமா? புற்றுநோய் ஒட்டாது. பக்கத்தில் படுத்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், தாம்பத்தியத்தாலும் ஒட்டாது. குடும்ப நலப் பிரசுரம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: மார்புப் புற்று வந்தவர் கருத்தடை மாத்திரை சாப்பிடக் கூடாது. சிகிச்சை மாத்திரை நடக்கும்போது கர்ப்பமும் ஆகாது. காப்பர்-டியோ ஆணுறையோ பயன்படுத்தலாம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முப்பது வயது தாண்டிய ஆணும் பெண்ணும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் மூன்றுக்கும் பார்ப்பார்கள். சீக்கிரம் கண்டால் சிகிச்சையும் சின்னது, பிறகு பழக வேண்டிய பயிற்சியும் சின்னது.

முன்னாலேயே சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்வி இரண்டு இருக்கிறது. ஒன்று: "மருந்து ஏற்றிக்கிட்டு இருக்கும்போதே நடக்கலாமா, முடிஞ்ச பிறகுதானா?" ஏற்றும்போதே நடக்கலாம். மருந்து ஏற்றின அடுத்த இரண்டு மூன்று நாள் தலை சுற்றும், குமட்டும், அன்றைக்கு வீட்டுத் தாழ்வாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காய்ச்சல் இருந்தால் நடை வேண்டாம். நல்ல நாளில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது ஒரு பாட்டி கேட்டிருக்கிறார். மருமகளுக்கு மாசி மாதம் ஆபரேஷன் ஆயிற்றாம். "ஆடி மாசம் வீராம்பட்டினம் தேருக்கு வருஷா வருஷம் வடம் பிடிப்பா, இந்த வருஷம் பிடிக்கலாமா?" இந்த வருஷம் வேண்டாம் பாட்டி. பாரம் என்பதற்காக இல்லை. அளந்து ஏற்றும் பாரத்தைப் பற்றித்தானே இவ்வளவு நேரம் பேசினோம். வடத்தில் கூட்டம் எப்போது இழுக்கும், எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. திடீரென்று வெட்டி இழுக்கும், அந்தத் தோள் அதற்கு இன்னும் தயாராகவில்லை. ஓரமாக நின்று அம்மனைச் சேவிக்கட்டும். இடைப்பட்ட நாளில் சுவரில் கோடு ஏறட்டும். அடுத்த ஆடிக்கு முன்னால் சீட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள்.